கூட்டுச் சந்தை பிரிந்தால் எவ்வூர் வாடும்?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அம்மரபை யாமும் போற்றுகிறோம். எனினும் இன்று பொருளியலைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். சுள்ளிக்கல்லில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, வணிகத்தை நம்பியோ துறைமுகத்தை நம்பியோ இவ்வூருக்கு வந்தவை. இன்றும் நம் வீட்டு அடுப்பில் வேகும் காய்கறி வாளையாற்றைக் கடந்து வருகிறது. நாமக்கல் முட்டை அவ்வழியே வருகிறது. திருப்பூர்ப் பனியன் அவ்வழியே வருகிறது. ஓர் எல்லையைப் பொருள்கள் தடையின்றிக் கடப்பதனாலேயே நம் வாழ்வு நடைபெறுகிறது. ஆதலால் எல்லையில் ஒரு கதவு மூடினால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பது நமக்குரிய கடமையாகும்.

யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். பல நாடுகள் கூடி அமைத்த ஒரு வணிகக் கூட்டிலிருந்து ஒரு நாடு விலகிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனோடு நெடுநாள் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த பக்கத்து நாடு கூட்டிலேயே நிற்கிறது. அவ்வாறு நின்ற நாட்டின் வெவ்வேறு வட்டாரங்கள் என்ன ஆகின்றன? நாடு முழுவதும் ஒரே அளவாகத் துன்புறுகிறதா? அல்லது சில ஊர்கள் மட்டும் வாட, வேறு சில ஊர்கள் தழைக்கின்றனவா?

கொச்சி கண்ட சுங்க எல்லைகள்

இக்கேள்விக்கு விடை காண அயல்நாடு செல்லுமுன், நாம் நிற்கும் மண்ணையே சற்று நோக்குவோம். இந்தியா விடுதலை பெறுமுன் இப்பகுதியில் ஒருவர் ஒரு நாள் நடைக்குள் மூன்று ஆட்சிகளைக் கண்டுவிடலாம். கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலேயர் பகுதி. மட்டாஞ்சேரி கொச்சி அரசருடையது. தெற்கே சென்றால் திருவிதாங்கூர். மூன்று ஆட்சிகளும் தத்தம் எல்லையில் தனித்தனியே சுங்கம் வாங்கிய காலத்தில், ஒரு மூட்டைச் சரக்கு சில கல் தொலைவு செல்வதற்குள் எத்தனை கைகளுக்குப் பதில் சொல்லியிருக்கும்!

1865-ஆம் ஆண்டில் ஆங்கில அரசும் கொச்சியும் திருவிதாங்கூரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புகையிலை, உப்பு போன்ற சில பொருள்கள் நீங்கலாக, தமக்கிடையே நிலவழிச் சுங்கத்தை அவை கைவிட்டன. அதனால் வருவாய் இழந்த சிற்றரசுகளுக்கு ஈட்டுத்தொகை வழங்கவும் வழி செய்யப்பட்டது. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தும் பணி தொடங்கியபோது, துறைமுகச் சுங்க வருவாயைப் பங்கிட்டுக்கொள்வது குறித்து 1925-இல் மீண்டும் ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. 1949 ஜூலை முதல் நாள் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தது. 1967-இல் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒரே மாநகராட்சி ஆயின. இறுதியாக, 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, வாளையாற்றில் நீண்ட வரிசையில் நின்ற லாரிகள் வரிச் சோதனைக்காக நிற்கும் தேவையும் நீங்கிற்று. அப்போதும் மாநிலங்களின் வருவாய் இழப்புக்கு ஐந்தாண்டுகள் ஈடு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. சுங்கச் சுவர் இடிந்தால் சரக்கின் விலை குறைவது மட்டுமன்று. மக்கள் அச்சுவர் இனி இல்லை என்று நம்பி வாழ்வை அமைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எல்லைக்கு இப்பால் பண்ணை வைக்கிறார். அப்பால் ஆலை வைக்கிறார். ஒருவர் ஒரே ஊர்ச் சந்தையை நம்பி வங்கியில் கடன் பெறுகிறார். ஆகவே, பின்னொரு நாள் அச்சுவர் மீண்டும் எழுமாயின், அது இல்லை என்று மிகுதியாக நம்பியவரே மிகுதியாக இழப்பர்.

கூட்டு என்பது யாது?

வணிகக் கூட்டு என்பதை ஒரு கூட்டுக் குடும்பமாகக் கருதலாம். உள்ளே இருப்பவர்க்குள் சுங்கம் இல்லை. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே சுங்கம் விதிக்கின்றனர். உணவுப் பொருளின் தூய்மைக்கும் இயந்திரத்தின் தரத்துக்கும் ஒரே விதி. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய கூட்டு. அண்ணன் பாகம் பிரித்துக்கொண்டு போகும்போது, "பகை வேண்டா, போக்குவரத்து இருக்கட்டும்" என்று இரு பக்கத்தாரும் கூறலாம். ஆயினும் அதன் பின்னர் அவர் பொதுக் கொல்லைப் புறத்து வழியே நுழைய இயலாது. வாயிலில் வந்து அழைத்தே நுழைய வேண்டும்.

பிரிட்டன் விலகியபோது நேர்ந்தது இதுவே. 2020 டிசம்பர் 24-ஆம் நாள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இரு பக்கத்துப் பொருள்களுக்கும் சுங்கவரி இல்லை என்றாயிற்று. ஆனால் அச்சலுகையைப் பெற, பொருள் எந்நாட்டில் விளைந்தது, எந்நாட்டில் உருப்பெற்றது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். இறைச்சிக்கும் பாலுக்கும் மீனுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். ஒரே லாரியில் இருபது வணிகரின் சரக்கு இருந்தால், அவற்றுள் ஒன்றின் தாளில் பிழை இருப்பினும் லாரி முழுவதும் காத்து நிற்கும். வரி இல்லை, ஆனால் காலம் செலவாகிறது. காலம் செலவானால் பணமும் செலவாவது வணிகர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

அயர்லாந்தின் கதை

இனி அயர்லாந்துக்குச் செல்வோம். பரப்பில் அது கேரளத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மக்களோ 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 51 இலட்சம் பேரே. 1973 ஜனவரி முதல் நாள் பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரே நாளில் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தன. 1993-இல் அவற்றிடையே இருந்த சுங்கச் சாவடிகளும் நீங்கின. அத்தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையேயுள்ள எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது. அதனைக் கடக்கும் சாலைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. வடபகுதியில் முப்பதாண்டுகள் நீடித்த குருதிக் கலகம் 1998-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தணிந்தது. எனவே அங்கு எல்லை என்பது வணிகச் சொல் மட்டுமன்று. ஆறாத புண்ணின் பெயருமாகும்.

2016 ஜூன் 23-ஆம் நாள் பிரிட்டன் மக்கள் வாக்களித்தனர். விலக வேண்டுமென்றோர் ஏறத்தாழ 52 விழுக்காடு. 2020 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு நீங்கியது. அவ்வாண்டின் இறுதி வரை பழைய விதிகளே நீடித்தன. 2021 ஜனவரியில் புது விதிகள் தொடங்கின. அம்மாதம் பிரிட்டன் பெருந்தீவிலிருந்து அயர்லாந்து இறக்குமதி செய்த சரக்கின் மதிப்பு, முந்தைய ஆண்டு ஜனவரியோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்தது. முன்கூட்டியே சரக்கைக் குவித்து வைத்தமையும், நோய்த் தொற்றுக் காலமாக இருந்தமையும் அதற்குத் துணைக் காரணங்கள். எனினும் வீழ்ச்சி பெரிதே.

இதனால் அயர்லாந்து வறுமையுற்றதா என்று வினவினால், இல்லை என்பதே விடை. அதே 2021-இல் அந்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு பத்து விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. மருந்து செய்யும் பெருநிறுவனங்களும் கணினித் துறைப் பெருநிறுவனங்களும் அதற்குக் காரணம். இலண்டனிலிருந்து சில நிதி நிறுவனங்கள் தம் அலுவலின் ஒரு பகுதியை டப்ளினுக்கு மாற்றிக்கொண்டன. தலைநகரின் கணக்கேட்டை மட்டும் புரட்டுபவர், "பிரிவினால் தீங்கு ஒன்றுமில்லை" என்று கூறிவிடலாம். ஆனால் நாட்டுக் கணக்கு என்பது கூட்டிப் பார்த்து வகுத்த கணக்கு. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கேட்டு இறங்கியவன் நடு ஆற்றில் மூழ்கியது போன்றது அது. ஆகவே மாவட்டம் மாவட்டமாகக் காண்போம்.

முதலாவது, மொனகன், கேவன் முதலிய எல்லைப்புற மாவட்டங்கள். அவை காளான் வளர்க்கும் பண்ணைகள் நிறைந்தவை. அயர்லாந்துக் காளானில் மிகப் பெரும்பகுதி பிரிட்டனுக்கே சென்றது. விலையோ பல மாதங்களுக்கு முன்பே பவுன் நாணயத்தில் பேசி முடிக்கப்பட்டிருந்தது. 2016-இல் வாக்கெடுப்பின் முடிவு வந்ததும் பவுன் மதிப்பு வீழ்ந்தது. சுங்கச் சாவடி எழவில்லை, ஒப்பந்தம் மாறவில்லை, பிரிட்டன் விலகவுமில்லை. விலகுவோம் என்ற சொல்லே போதுமானதாயிற்று. சில மாதங்களுக்குள் பல பண்ணைகள் மூடப்பட்டன. பறித்த காளான் நெடுநாள் பொறுக்காது. வேறு சந்தை தேடும் வரை காத்திருக்கும் பொருளன்று அது.

இரண்டாவது, டோனிகால் மாவட்டத்துக் கில்லிபெக்ஸ் துறைமுகம். நம் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை அறிந்தோர்க்கு அவ்வூரின் வாழ்வை விளக்க வேண்டியதில்லை. நம் கானாங்கெளுத்திக்கு இனமான மீனைப் பிடிப்பது அங்குள்ள பெருந்தொழில். 2020 டிசம்பர் ஒப்பந்தத்தின்படி, பிரிட்டன் கடலில் ஒன்றியத்து மீனவர் பிடிக்கும் பங்கில் ஒரு பகுதியைப் படிப்படியாக விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அயர்லாந்து தன் மீன் பங்கின் மதிப்பில் 2026-க்குள் ஏறத்தாழ 15 விழுக்காட்டை, அதாவது ஆண்டுக்கு 4.3 கோடி யூரோவை, இழக்கும் என்று அந்நாட்டரசே கணக்கிட்டது. நாட்டின் மொத்தக் கணக்கில் அது ஒரு துளி. கில்லிபெக்ஸ் ஊருக்கோ அது குடத்தில் பாதி. படகை உடைத்துவிட ஒப்பியோர்க்கு அரசு ஈடு கொடுத்தது. படகுக்கு விலை உண்டு. அப்படகை நம்பியிருந்த பனிக்கட்டி வணிகருக்கும் வலை செப்பனிடுவோர்க்கும் குறைந்துபோன நாள்களை அளக்க எளிய கோல் இல்லை.

மூன்றாவது, சாலையும் கடலும். அயர்லாந்து லாரிகள் கப்பலேறி வேல்சு நாட்டு ஹோலிஹெட் துறைமுகத்தில் இறங்கி, இங்கிலாந்தின் குறுக்கே ஓடி, மீண்டும் கப்பலேறி ஐரோப்பாவை அடைவது வழக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் லாரிகள் இவ்வழியே சென்றன. இவ்வழி இருபது மணி நேரத்துக்குள் முடியும். நேர்க்கப்பல் வழியோ நாற்பது மணி நேரம். எனினும் சுங்கத் தாள்களின் தொல்லை வந்ததும் பலர் நீண்ட வழியையே விரும்பினர். 2021 ஜனவரித் தொடக்கத்தில் வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்து ராஸ்லேர் துறையிலிருந்து பிரான்சின் டன்கிர்க் துறைக்கு நேர்க்கப்பல் புறப்பட்டது. முன்னர் வாரத்துக்கு ஆறு முறை ஐரோப்பாவுக்குக் கப்பல் விட்ட அச்சிறு துறையில் அந்த எண்ணிக்கை ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஹோலிஹெட் துறையில் லாரிகள் குறைந்தன. ஓர் ஊர் இழந்தது. மற்றோர் ஊர் பெற்றது.

நான்காவது, எல்லை மேலேயே அமைந்த தொழில்கள். வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெற்கே சென்று வெண்ணெயும் பாற்கட்டியும் பால் மாவும் ஆகிறது. எல்லையில் சாவடி எழுந்திருந்தால் அத்தொழில் நடுவே முறிந்திருக்கும். நற்பேறாக, வட அயர்லாந்து பொருள்களைப் பொறுத்தவரை ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றுவதென்றும், சோதனை கடலில் நடப்பதென்றும் உடன்பாடு செய்தனர். 2023 பிப்ரவரியில் அதனைத் திருத்தியும் அமைத்தனர். இதன் பயனாக 2021-இல் தீவின் வடக்கும் தெற்கும் தமக்குள் செய்துகொண்ட சரக்கு வணிகம், இரு திசையிலும் பாதிக்கு மேல் உயர்ந்தது. எங்கே கதவு திறந்தே இருந்ததோ, அங்கே வணிகம் பெருகிற்று. ஆனால் கடலில் நடக்கும் சோதனையை வடபகுதி மக்களில் ஒரு சாரார் தம் நாட்டைப் பிளக்கும் கோடாகக் கண்டனர். பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. சுவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றலாமேயன்றி, இல்லையென்று ஆக்க முடியாது என்பதற்கு இது சான்றாகும்.

ஏன் இவ்வேறுபாடு?

அன்பர்களே! இந்நான்கையும் ஒருங்கே நோக்கினால் மூன்று காரணங்கள் புலப்படும். ஒன்று, வாங்குவோர் ஒருவரே என்ற நிலை. இரண்டு, செல்லும் வழி ஒன்றே என்ற நிலை. மூன்று, பொருள் காத்திருக்க இயலாத நிலை. மருந்து நிறுவனத்துக்கு உலகெங்கும் வாங்குவோர் உளர். அதன் சரக்கு மாதக்கணக்கில் கெடாது. காளான் பண்ணைக்கு இம்மூன்று குறையும் உண்டு. தலைநகரில் முதல் வகை மிகுதி. எல்லைப்புறத்திலும் கடலோரத்திலும் இரண்டாம் வகை மிகுதி. பிரிவின் சுமை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதன் கமுக்கம் இதுவே.

இது அயலார் கதை என்று எண்ண வேண்டா. 2020 மார்ச் மாதத்தில், நோய்த் தொற்று பரவாமல் தடுக்கவென்று கர்நாடகம் காசர்கோட்டுச் சாலைகளை மண்ணிட்டு மூடியது. மங்களூர் மருத்துவமனைகளையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் எல்லையில் தவித்தனர். கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கு அது செய்தித்தாள் செய்தி. காசர்கோட்டுக்கோ உயிர்ப் பிரச்சினை. வணிகக் கூட்டு கலைந்த நிகழ்ச்சியன்று அது. ஆனால் மூடிய எல்லை யார் தலையில் விழும் என்பதை அது நமக்குக் காட்டிற்று.

கூட்டில் சேர்வதும் அப்படியே. இலங்கையுடன் இந்தியா செய்த வணிக உடன்பாடு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசிய நாடுகளுடன் செய்த சரக்கு உடன்பாடு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2009 அக்டோபர் 2-ஆம் நாள், கேரளத்தில் அதனை எதிர்த்து நீண்ட மனிதச் சங்கிலி அமைத்தனர். மட்டாஞ்சேரி மிளகு வணிகரும் இடுக்கி மலைத் தோட்டக்காரரும் அஞ்சிய அதே உடன்பாட்டை, வேறு வட்டாரத்து ஆலை முதலாளிகள் வரவேற்றிருக்கலாம். 2019 நவம்பர் 4-ஆம் நாள், ஆசியப் பெருங்கூட்டு ஒன்றில் சேரமாட்டோம் என்று இந்தியா பாங்காக்கில் அறிவித்தது. மற்ற பதினைந்து நாடுகளும் அடுத்த ஆண்டு அதனை நிறுவிக்கொண்டன. அது நன்றா தீதா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க யாம் முற்படவில்லை. நன்று எனின் எம்மாவட்டத்துக்கு, தீது எனின் எம்மாவட்டத்துக்கு என்று கேட்க வேண்டும் என்பதே எம் கருத்து.

பிரிட்டன் விலகியது நம் ஏற்றுமதியாளரையும் தொடாமல் விடவில்லை. முன்னர் ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் சுங்கம் முடித்து இறங்கிய திருப்பூர் ஆடை, மறு சுங்கமின்றி இலண்டன் கடைக்கும் செல்லக் கூடும். இப்போது இரண்டும் இரு சந்தைகள். மிளகிலும் ஏலத்திலும் தங்கும் பூச்சிமருந்தின் அளவுக்கு முன்பு ஒரே விதி. இப்போது பிரிட்டனுக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று. 2025 ஜூலை 24-ஆம் நாள் இந்தியாவும் பிரிட்டனும் தமக்குள் தனி வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இரண்டு சந்தைகளின் விதிகளையும் கற்றவர் முன்னேறுவர். கற்காதவர் இடைத்தரகரை நம்பியே நிற்பர்.

நாம் செய்யத்தக்கன

முதற்கண், ஈடு என்பதைப் பற்றிய தெளிவு வேண்டும். 1865-இலும் ஈடு உண்டு. 2017-இலும் ஈடு உண்டு. இரண்டும் அரசுகளின் வருவாய்க்கு ஈடு. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் விலகலால் துன்புற்ற நாடுகளுக்கென ஏறத்தாழ 540 கோடி யூரோ ஒதுக்கியது. அதில் மிகப் பெரும் பங்கு, நூறு கோடிக்கு மேல், அயர்லாந்துக்கு. சிறந்த செயலே. ஆனால் பணம் தலைநகர்க் கருவூலத்தை அடைவது ஒன்று. மொனகன் பண்ணையில் வேலையிழந்த பெண்ணை அடைவது வேறொன்று. எனவே இழப்பை மாவட்டக் கணக்கில் எழுதிய பின்னரே ஈட்டைப் பங்கிட வேண்டும். நம் நாட்டிலும் வணிக உடன்பாடு எதுவாயினும், கையெழுத்திடுமுன் இத்தகைய மாவட்டக் கணக்கை மக்கள் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, வணிகம் செய்யும் நம் குடும்பங்கள் ஒரே வாங்குவோரையும் ஒரே வழியையும் நம்பியிருத்தல் கூடாது. அயர்லாந்தில் செடார் பாற்கட்டியைப் பிரிட்டனுக்கே விற்று வந்தோர், வேறு வகைப் பாற்கட்டி செய்து வேறு நாடுகளில் விற்கத் தொடங்கினர். வாக்கெடுப்புக்கும் புது விதிகளுக்கும் இடையே கிடைத்த நான்கரை ஆண்டுக் காலத்தைப் பயன்படுத்திக்கொண்டோர் தப்பினர். காலம் இருக்கும்போதே இரண்டாம் கதவைத் தேடிக்கொள்வது முன்னறிவு.

மூன்றாவது, நம் இளைஞர்கள் வணிகச் சட்டமும் சுங்க நடைமுறையும் கற்க வேண்டும். கொச்சித் துறைமுகத்தின் நிழலில் வாழ்ந்துகொண்டு, ஒரு பொருளின் பிறப்பிடச் சான்று எப்படி எழுதப்படுகிறது என்று அறியாதிருத்தல் நமக்கு அழகன்று. தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த நம் பிள்ளைகள் இவ்விரு நாட்டு வணிகர்க்கும் இயல்பாகவே பாலமாக நிற்கத் தகுந்தவர்கள்.

பெரியோர்களே! கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் மூத்தோர் மொழி. அது பொய்யன்று. ஆனால் கூடும்போது நன்மை எல்லோர் முற்றத்திலும் ஒரே அளவில் பொழிவதில்லை. பிரியும்போது துன்பமும் ஒரே அளவில் விழுவதில்லை. நாட்டின் பெயரால் முடிவு செய்வோர், எல்லையூர்க் குடியானவனையும் கரையூர் மீனவனையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உறவு வைத்து வாழும் நாம், இதனை உரத்துச் சொல்லும் உரிமையும் கடமையும் உடையோம்.